ஏட்டுச் சுரைக்காய்

மே மாதம் மழை இறங்கியதும்
ஆட்டுத்தோல் தொய்ந்துபோகிறது.
பேர வாவியின் ஈரம் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
தட்டினால் நனைந்த மட்டைபோல 'டொப்' என்கிறது.
அடுப்பை மூட்டி, சுடரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து
அப்பளம் வாட்டுவதுபோல்
சுற்றிச் சுற்றி வாட்டுகிறேன்.
கீழ்வீட்டு ருவைதா யன்னலால் கேட்கிறாள்:
"என்ன சமையல், வாசமே வரேல்ல?"
சுரைக்காய் என்கிறேன்.
பொய்யில்லை. பான்ஜோவின் வயிறு அது.

பகலில் எனக்குப் பல் கட்டும் வேலை.
மருதானை, மூன்றாம் மாடி, அச்சு வார்க்கும் அறை.
ஒரு பல்லை அசலாக்குவது வெண்மை அல்ல;
கொஞ்சம் தேத்தண்ணிக் கறை, மயிரிழை வெடிப்பு,
பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும் சின்னச் சாய்வு.
குற்றமே இல்லாத பல்லைத்தான்
எல்லோரும் பொய்ப்பல் என்று கண்டுபிடிப்பார்கள்.
இதைத் தெரிந்த கைதான்
இரவில் ஏட்டைப் பார்த்து வாசிக்கிறது.

ஏடென்றால்,
நூற்றெழுபது வருடங்களுக்கு முன்
கடல்களுக்கு அப்பால் எவனோ ஒரு வெள்ளைக்காரன்
அச்சிட்ட கைந்நூலின் போட்டோகொப்பி.
தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான்.
கேட்டதில் பாதியை ஐந்து கோட்டுக்குள் அடைத்தான்.
மற்றப் பாதி
வேலிக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

கார்லைல் ஒல்மஸ் கண்டிப்பானவன்.
சனி இரவுகளில் கலியாண வீட்டுப் பைலாவுக்கு பேஸ் வாசிப்பவன்;
மற்ற நாளெல்லாம் வாயில் வருடக்கணக்கு.
நைலோன் நரம்பைக் கண்டால் செருப்பில் சாணி பட்டதுபோல் நிற்பான்.
"நகம் கீழ்நோக்கி விழவேணும் தயாபரி.
பெருவிரல் குட்டை நரம்பில் காத்திருக்கவேணும்.
மேல்நோக்கிக் கிள்ளினால் அது வேற நூற்றாண்டு."
அவன் சொல்வது சரி.
அதுதான் தொல்லை.
நானும் குடல்நரம்பு வாங்கினேன்,
பல் தேய்க்கும் மெஷினில் குதிரை செதுக்கினேன்,
நகத்தை ஒரு விரலில் மட்டும் வளர்த்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு,
இரண்டாம் வரி, மூன்றாம் சுரம்.
விரல் போகவேண்டிய இடத்துக்குப் போய்
அங்கே நிற்காமல்
கொஞ்சம் கீழே சறுக்கி, நடுங்கி, ஏறியது.
பதினாலு வயதுவரை
வெள்ளவத்தையில் கற்ற வயலின்,
நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டது.

கார்லைல் கையை உயர்த்தினான்.
"அது கமகம். ஏட்டில் இல்லை."
"கழுத்தில் இருக்கு" என்றேன்.
மெட்டே இல்லாத கழுத்து இது.
குறித்த இடத்தில் மட்டும் நிற்கத்தான் என்றால்
இத்தனை வழவழப்பாய் ஏன் செதுக்கினார்கள்?

சொல்லிவிட்டேனே தவிர
நெஞ்சு சும்மா இருக்கவில்லை.
யாருடைய முதுகு வலித்துப் பிறந்த பாட்டு.
என் டியூஷன் வகுப்பை அதன்மேல் பூசுகிறேனோ?
நாங்கள் இருப்பது கொம்பனித்தெரு.
இந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் உண்டு,
அதை நாங்கள் தமிழில் சொல்வதில்லை.
வேலை முடிந்த அடிமைகளை
அந்தியில் தோணி ஏற்றி
இந்தக் கரையில்தான் விட்டார்களாம்.
அவர்கள் பாடாமலா இருந்திருப்பார்கள்?
அதற்கு ஓர் ஏடும் இல்லை.
வேலிக்கு வெளியே நின்று கேட்க
ஒரு திருட்டுக் காதுகூட இல்லை.

கார்லைல் வெகுநேரம் பேசவில்லை.
கூரைத் தகரத்தில் மழை தன்பாட்டுக்கு அடித்தது,
மேலும் கீழும், எந்த நூற்றாண்டும் பாராமல்.
"திருப்பி வாசி" என்றான்.
முதல் தரம் ஏட்டின்படி.
இரண்டாம் தரம் விரலின்படி.
மூன்றாம் தரம் தோலே கால் சுரம் இறங்கிவிட்டது,
எங்கள் இருவரையும் கேட்காமல்.

அவன் பென்சிலை எடுத்து
போட்டோகொப்பியின் ஓரத்தில்
பொடி எழுத்தில் எழுதினான்:
'பாடபேதம். கொழும்பு. மே 14. மழை.'
"அடுத்த முறையும் இப்படியேதானா?"
தெரியாது என்றேன்.
அடுப்படியிலிருந்து எழுந்து நிமிர்வதற்குள்
தோல் மறுபடி தொய்யத் தொடங்கியிருந்தது.